கடியும் வெள்ளைபடுதலும் திரும்பத் திரும்ப வருகிறதா? முதலில் குளியலறைத் தட்டைப் பாருங்கள்

பெண்ணுறுப்பில் கடி, சலம் போகும்போது எரிவு, கூடவே கட்டி கட்டியாக வெள்ளை. இது முதல்தடவை வரும்போது அனேகமான பெண்கள் செய்கிற முதல் வேலை, இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் போட்டு இன்னும் அழுத்தித் தேய்த்துக் கழுவுவது. கடி கூடும். உடனே கழுவுகிற தண்ணீருக்குள் கிருமிநாசினி ஒரு மூடி விடுவார்கள், அதற்கு மேலே மணக்கிற பவுடர், மணக்கிற பாட். கடைசியில் பாமசிக்கு வந்து, ஆம்பிளைகள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "அக்கா, அதுக்குப் பூசுற கிறீம் ஒண்டு தாங்கோ" என்று மெதுவாகக் கேட்பார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள், டொக்டர் இல்லை. ஆனால் கிறீமை எடுக்க முதல் "என்ன போட்டுக் கழுவுறனீங்கள்?" என்று கேட்டால் வருகிற பதில்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று நன்றாக விளங்கிவிட்டது. பலருக்குத் தொடங்கவேண்டிய மருந்தைவிட நிறுத்தவேண்டிய சாமான்கள்தான் கூட. இந்தக் கட்டுரை, இந்த வருத்தம் முதல்முறை வந்து யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்கு. அதோடு படிக்கவோ வேலைக்கோ வெளியூரிலிருந்து இங்கே வந்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் அறை எடுத்து இருந்துகொண்டு, "எங்கட ஊரில இருக்கேக்க இப்பிடி இல்லை" என்கிற பிள்ளைகளுக்கும்.

முதல் வேலை: இது பங்கசுத் தொற்றுதானா என்று பாருங்கள்

கன்டிடா என்பது மதுவ வகையைச் சேர்ந்த ஒரு பங்கசு. எந்த வருத்தமும் இல்லாத பெண்களிலேயே 100 பேரில் 10 முதல் 20 பேரின் யோனியில் அது சும்மா இருக்கும். அது அளவு மீறிப் பெருகும்போதுதான் கரைச்சல். ஏறக்குறைய 4 பெண்களில் 3 பேருக்கு வாழ்நாளில் ஒருதடவையாவது வரும் என்பதால் இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாலியல் தொற்று என்று இதைக் கணக்கெடுப்பதில்லை. கக்கூசு இருக்கையால் தொற்றுவதும் இல்லை, ஆகவே விடுதியில் "உன்னாலதான் எனக்கு வந்தது" என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை.

அடையாளம் இதுதான்: நல்ல கடி, தடித்த வெள்ளைக் கசிவு, அனேகமாகத் தயிர்க்கட்டி போல இருக்கும், பெரிய மணம் இருக்காது, வெளித்தோல் சிவந்து வீங்கலாம், சலம் பட்டால் எரியும், உடலுறவின்போது நோகலாம். மீன் மணத்தோடு மெல்லிய சாம்பல் நிறக் கசிவு என்றால் அது பெரும்பாலும் உள்ளே இருக்கிற பற்றீரியாக்களின் சமநிலை குழம்பியதால் வருவது, அதற்குப் பங்கசு மருந்து வேலை செய்யாது. மஞ்சளோ பச்சையோ கலந்து நுரை நுரையாக வந்தால், புண் அல்லது கொப்புளம் இருந்தால், அடிவயிறு நொந்தால், காய்ச்சல் இருந்தால், மாதவிடாய் இல்லாத நேரம் இரத்தம் பட்டால், இதை வாசித்துக்கொண்டிருக்காமல் டொக்டரிடம் போங்கள்.

இன்னொரு வகையும் இருக்கிறது, அதுதான் பாமசியில் அதிகம் தவறிப்போவது. கசிவே இல்லை, அல்லது வழமையான அளவுதான். ஆனால் வெளித்தோல் சிவந்து, காய்ந்து, எரிந்து, கடித்துக்கொண்டே இருக்கும். இது பல நேரம் பங்கசே இல்லை. ஏதோ ஒரு சாமான் தோலோடு ஒத்துப்போகவில்லை. இதற்குப் பங்கசுக் கிறீமை மாற்றி மாற்றிப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள், சிலருக்கு அந்தக் கிறீமே ஒத்துக்கொள்ளாமல் இன்னும் எரியும்.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லவேண்டும். சவர்க்காரத்துக்குள் பங்கசு இல்லை. எந்த வாசனைத் திரவமும் தன்பாட்டில் கன்டிடாவை உண்டாக்காது. யோனிக்குள் லக்ரோபசிலஸ் என்கிற நல்ல பற்றீரியா இலக்ரிக் அமிலத்தைச் சுரந்து, உள்ளே பி.எச். அளவை 3.8 முதல் 4.5 வரை புளிப்பாக வைத்திருக்கிறது. சாதாரண கட்டிச் சவர்க்காரத்தின் பி.எச். 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். உள்ளே கழுவினால் அந்த நல்ல பற்றீரியாவின் இடம் குழம்பும், வெளியே தேய்த்தால் தோலின் மேலுறை காய்ந்து வெடிக்கும். வெடித்த தோலில், ஈரத்தில், ஏற்கெனவே அங்கே இருந்த பங்கசுக்கு வசதி கிடைக்கிறது; பங்கசு வராவிட்டாலும் பங்கசு வந்தது போலவே கடிக்கும். இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான், அந்தச் சாமானை நிறுத்துவது. சந்தேகம் இருந்தாலும் நிறுத்திப் பார்ப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது: சாமானைக் குற்றம் சொல்ல முதல் உங்கள் மருந்துப் பையைப் பாருங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். அண்மையில் இருமலுக்கோ பல்லுக்கோ அன்ரிபயோற்றிக் குடித்தீர்களா? அது நல்ல பற்றீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும், பங்கசு பெருகுவதற்கு மிகத் தெரிந்த காரணங்களில் ஒன்று. கர்ப்பமா? ஸ்ரெரொயிட் குளிசை குடிக்கிறீர்களா? சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லையா? சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற எம்பாகிளிஃபுளோசின், டபாகிளிஃபுளோசின் போன்ற குளிசைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றுகிறவை, அதனால் அந்த இடத்தில் பங்கசுத் தொற்று வருவது அவற்றின் தெரிந்த பக்கவிளைவு. அம்மாவுக்கோ மாமிக்கோ இந்தக் குளிசை தொடங்கிய பிறகு கடி தொடங்கியது என்றால் சவர்க்காரத்தை மாற்றிக்கொண்டு இருக்காமல் கிளினிக்கில் சொல்லச் சொல்லுங்கள். தாங்களாகக் குளிசையை நிறுத்தவும் கூடாது. சீனி வருத்தம் இல்லை என்று நினைக்கிறவர்களும் திரும்பத் திரும்ப வந்தால் ஒருதடவை வெறுவயிற்றில் இரத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்லது. இந்த வருத்தத்தால்தான் தனக்குச் சீனி இருப்பதே தெரியவந்தது என்கிற ஆட்களும் உண்டு.

மூன்றாவது: குளியலறைத் தட்டில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து வையுங்கள்

உண்மையாகவே எடுத்து வையுங்கள், மனதுக்குள் எண்ணினால் பாதி மறந்துபோகும். சவர்க்காரம், பொடி வொஷ், ஷம்பூ, கண்டிஷனர், "பெண்களுக்கான" வொஷ், கிருமிநாசினிப் போத்தல், மயிர் நீக்கும் கிறீம், பவுடர், சென்ற், ஈரத் துடைப்பான், பாட், லைனர். பக்கத்தில் துணி தோய்க்கிற தூள், கட்டி, மணத்துக்காகப் போடுகிற சின்னப் பக்கற்றுகள். இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சவர்க்காரம். சந்தனம், வேம்பு, குழந்தைச் சவர்க்காரம், எதுவாக இருந்தாலும் சவர்க்காரம் சவர்க்காரம்தான். குழந்தைப் பிள்ளைக்குப் போடுவது என்றால் மென்மையாகத்தான் இருக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள், மூடியைத் திறந்து மணந்து பாருங்கள், வாசனை நிறையச் சேர்த்திருப்பார்கள். அந்த வாசனைதான் தோலுக்கு ஒவ்வாமை தருகிறவற்றில் முன்னுக்கு நிற்பது. வெளிப்பகுதிக்கு வெறும் தண்ணீர் போதும், உள்ளே தண்ணீரும் தேவையில்லை. யோனி தன்னைத் தானே துப்புரவாக்கிக்கொள்ளும், தினமும் கொஞ்சம் கசிவு வருவதே அந்த வேலைதான். தண்ணீர் மட்டும் மனதுக்குப் போதவில்லை என்றால் வாசனை சேர்க்காத எண்ணெய்ப்பசைக் கிறீமை, அக்குவஸ் கிறீம் போன்றதை, சவர்க்காரத்துக்குப் பதிலாகக் கொஞ்சம் பூசிக் கழுவிவிடலாம். பூசி அப்படியே விடக்கூடாது, சிலருக்கு அது எரியும்.

பெண்களுக்கான வொஷ். இதைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். "பி.எச். 3.5" என்று எழுதியிருக்கிறது, இலக்ரிக் அமிலம் இருக்கிறது, ஆகவே நல்லதுதானே? சவர்க்காரத்தைவிடக் குறைந்த தீமை என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அதே போத்தலில் வாசனையும் நிறமும் நுரைக்கிற பொருளும் இருக்கிறது, அதோடு தினம் கழுவச் சொல்லி விளம்பரமும் செய்கிறார்கள். கழுவத் தேவையில்லாத இடத்தைக் கழுவுவதற்குக் காசு கொடுப்பது என்பது என் அபிப்பிராயம். கடி இருக்கிற நாட்களில் கட்டாயம் வேண்டாம்.

கிருமிநாசினி. எங்கள் வீடுகளில் டெற்றோல் இல்லாத குளியலறை குறைவு, காயம் கழுவ, தரை துடைக்க, குழந்தைத் துணி அலச என்று எல்லாவற்றுக்கும் ஒரு போத்தல். அதில் 4.8 வீதம் குளோரோக்சிலெனோல் என்கிற கிருமிகொல்லி இருக்கிறது, அதோடு பைன் எண்ணெயும் மதுசாரமும். வெளித்தோல் காயத்துக்குத் தண்ணீர் கலந்து பாவிக்க வந்த சாமானைப் பெண்ணுறுப்பு கழுவுகிற வாளிக்குள் "ஒரு மூடி" என்று கண் அளவில் விடுவதை எந்த டொக்டரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பழக்கத்தில் வந்தது. துடக்குக் கழிக்கும்போதும், பிள்ளை பெற்ற பிறகும், மாதவிடாய் முடிந்த பிறகும் இப்படிக் கழுவிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். பிரசவத் தையல் இருந்தால் எதைக் கொண்டு கழுவுவது என்பதை வார்ட்டிலேயே சொல்லுவார்கள், அதைத் தாண்டி ஒன்றும் விட வேண்டாம்.

அப்புறம் யாரும் நினைக்காத ஒன்று, ஷம்பூ. தலை முழுகும்போது நுரை எங்கே போகிறது? முதுகாலும் வயிறாலும் வழிந்து நேரே அங்கேதான். வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து அரப்பு, சீயாக்காய் தேய்த்து முழுகிறவர்களுக்கும் இதேதான், அரைத்த தூள் மடிப்புகளில் போய் ஒட்டும், தேசிக்காய்ப்புளி விட்டிருந்தால் வெடித்த தோலில் சுள்ளென்று எரியும். வழி சுலபம்: கிணற்றடியில் குனிந்து நின்று தலையை முன்பக்கம் தொங்கவிட்டு அலசுங்கள், உடம்புக்கு வார்ப்பதைப் பிறகு பாருங்கள். ஷவரில் குளிக்கிறவர்கள் தலையை முதலில் முடித்துவிட்டு, கடைசியாக இடுப்புக்குக் கீழே வெறும் தண்ணீர் ஓட விடுங்கள்.

மயிர் நீக்கும் கிறீம், ரேசர் இரண்டையும் கடி மாறும்வரை தொடாதீர்கள். நீளமாக இருந்து இடைஞ்சல் என்றால் சின்னக் கத்தரிக்கோலால் குட்டையாக வெட்டிவிடலாம்.

நான்காவது: துணி தோய்க்கிற இடம், அங்கேதான் யாழ்ப்பாணத்து விசயம் இருக்கிறது

மற்ற ஊர் ஆட்கள் எழுதிய குறிப்புகளில் "வாசனை இல்லாத சலவைத்தூள் பாவியுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே அது போதாது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் அதற்குள்ளால் ஊறி வருவதால் கல்சியம் கூடிய கடினநீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். இந்தத் தண்ணீரில் சவர்க்காரம் சுலபமாக நுரைக்காது, நுரைக்காததால் நாங்கள் இன்னும் கொஞ்சம் போடுவோம். போட்ட சவர்க்காரத்தின் ஒரு பகுதி கல்சியத்தோடு சேர்ந்து கரையாத கசடாக மாறித் துணியில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காய்ந்த துவாய் விறைத்து அட்டை மாதிரி நிற்பதில் அந்தக் கசட்டுக்கும் பங்கு உண்டு. துவாயில் அது பெரிய பிரச்சினை இல்லை. அதே கசடு உள்ளாடையின் நடுத்துண்டில் இருந்து, வியர்வையில் நனைந்து, நாள் முழுவதும் தோலோடு உரசினால்? மலைநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்த பிள்ளைகள் அங்கே போட்ட அதே அளவு தூளை, அல்லது நுரை வரவில்லை என்று இன்னும் கூடப் போட்டு, இங்கே அதே இரண்டு அலசலோடு விடுகிறார்கள். வந்த சில மாதத்தில் கடி தொடங்குவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

செய்யவேண்டியது இதுதான். உள்ளாடையை மற்றத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் தோயுங்கள். தூளைப் பாதியாகக் குறையுங்கள், முதலில் தண்ணீரில் முழுதாகக் கரைத்துவிட்டுத் துணியைப் போடுங்கள். நேரே துணியில் கொட்டித் தேய்த்தால் தூள் மடிப்புகளில் நிற்கும். பிறகு புதுத் தண்ணீரில் மூன்று தடவையாவது அலசுங்கள். போதுமா என்று பார்க்க ஒரு வழி: கடைசி அலசலில் எடுத்த துணியைக் கண்ணாடிக் குவளைக்குள் பிழிந்து, கையால் மூடிக் குலுக்குங்கள். மேலே நுரை கட்டி நின்றால் இன்னும் சவர்க்காரம் இருக்கிறது. அந்தத் தண்ணீரை இரண்டு விரலால் தேய்த்தால் வழுவழு என்று இருந்தாலும் அப்படித்தான். மாரியில் பீலித் தண்ணீர் பிடித்து வைக்கிற வீடு என்றால் கடைசி அலசலை அந்த மழைத்தண்ணீரில் செய்யுங்கள், அது மென்னீர், மிச்சம் இருப்பதை நன்றாகக் கழற்றிவிடும். தோய்க்கிற இயந்திரம் வைத்திருக்கிறவர்கள் கூடுதல் அலசல் பொத்தானைப் பாவியுங்கள்.

மணத்துக்காகக் கடைசித் தண்ணீரில் விடுகிற பக்கற்றை உள்ளாடைக்கு வேண்டாம். அது துணியில் தங்குவதற்கென்றே செய்த சாமான், அலசிவிட்டால் மணக்காது என்று அலசாமலே காயப்போடச் சொல்லுகிறார்கள். சேலைக்கும் கட்டில் விரிப்புக்கும் போடுங்கள், யார் வேண்டாம் என்றது. வெள்ளைத் துணிக்குப் போடுகிற பிளீச்சும் நீலமும் அப்படியே, உள்ளாடைக்குத் தேவையில்லை.

பிறகு காயப்போடுகிற விசயம். எங்கள் வீடுகளில் பெண்களின் உள்ளாடை வெயிலைக் காண்பதே இல்லை. கொடியில் போட்டாலும் மேலே ஒரு துவாயையோ பழைய சேலையையோ போட்டு மூடிவிடுவார்கள், விடுதி என்றால் கட்டில் காலில், அறைக் கதவுக்குப் பின்னால். உள்ளே ஈரம் நிற்கும், காலமை கையில் எடுத்தால் குளிர்மையாக இருக்கும், அதையே போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவார்கள். ஆர் பார்த்தால் என்ன, வெயிலில் போடுங்கள். முன்வளவு சரிவராவிட்டால் பின்வளவில், மதில் பக்கத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவே மாட்டாது, அந்தக் காலத்துக்கு இரண்டு மூன்று உள்ளாடை கூட வாங்கி வைப்பதும், போட முதல் அயர்ன் பண்ணுவதும் நல்லது. மாதவிடாய்க்குத் துணி பாவிக்கிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம்.

ஐந்தாவது: பாட், லைனர், பவுடர்

வாசனை சேர்த்த பாட்டை விட்டுவிடுங்கள், பக்கற்றில் பூப்படம் போட்டு மணம் பற்றி எழுதியிருந்தால் அது உங்களுக்கானது இல்லை. மேற்பக்கம் வலை மாதிரிப் பிளாஸ்ரிக்காக இருக்கிறதைவிடப் பஞ்சு மாதிரி இருக்கிறது சிலருக்கு ஒத்துக்கொள்ளும். இரத்தம் குறைவு என்று காலமை வைத்ததைப் பின்னேரம்வரை வைத்திருக்க வேண்டாம், நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பாடசாலை, வேலையிடக் கக்கூசுகளில் மாற்ற வசதி இல்லை என்பது எனக்குத் தெரியும், அந்தக் குறை பெண்களுடையது இல்லை, ஆனாலும் தோலுக்கு அந்த நியாயம் விளங்காது.

தினமும் லைனர் வைக்கிற பழக்கம் இளம் பிள்ளைகளிடம் இப்போது கூடுகிறது. அடியில் பிளாஸ்ரிக் தாள், காற்றுப் போகாது, சூடும் ஈரமும் அங்கேயே நிற்கும். வெள்ளைபடுகிறது என்று லைனர், லைனரால் கடி, கடியால் கசிவு கூடுகிறது, ஆகவே இன்னொரு லைனர். இந்தச் சுற்றை அறுக்க, வீட்டில் நிற்கிற நாட்களில் லைனர் இல்லாமல் கொட்டன் உள்ளாடையை மட்டும் போட்டு, நனைந்தால் மாற்றுங்கள்.

ஈரத் துடைப்பான்களில் வாசனையோடு பழுதாகாமல் வைக்கிற இரசாயனமும் இருக்கும், தோல் எரிவுக்கு அவை பேர்போனவை. கக்கூசில் தண்ணீர் பாவிக்கிற எங்களுக்கு அவை எதற்கு? முன்னாலிருந்து பின்னால் கழுவி, பிறகு துடையுங்கள். இந்த "பிறகு துடையுங்கள்" என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் கழுவிய ஈரத்தோடே எழும்பிப் போனால் நாள் முழுக்க ஈரம்தான். வாசனை இல்லாத ரிஷ்யூ அல்லது பழைய கொட்டன் துணித்துண்டு, ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கழுவுகிற குழாயின் வேகத் தண்ணீரை உள்ளே பாய்ச்சுவதும் வேண்டாம்.

பவுடர். வெயில் காலத்தில் தொடை இடுக்கில் கொட்டுகிற பழக்கத்தை நிறுத்துவதற்கு வாசனை ஒரு காரணம். இன்னொரு காரணம், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2024இல், பவுடர்களில் சேர்க்கிற தல்க் என்கிற கனியத்தை "மனிதரில் அனேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்கிற 2ஏ வகுப்பில் வைத்தது. பயப்படுத்தச் சொல்லவில்லை, அந்த இடத்துக்குப் பவுடர் தேவையே இல்லை என்பதால் சொல்கிறேன். அக்குளுக்கு அடிக்கிற சென்ற்றைக் கீழே அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம்.

கலியாணம் செய்தவர்களுக்கு ஒரு வரி: வாசனை, சுவை சேர்த்த ஆணுறை, விந்துகொல்லி பூசியது, கிளிசரின் உள்ள வழுக்குத் திரவம், இவற்றில் ஏதாவது புதிதாகத் தொடங்கிய பிறகு கடி வந்திருந்தால் அதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

ஆறாவது: உடுப்பு

நைலோன் உள்ளாடை, அதற்கு மேல் லெகின்ஸ், அதற்கு மேல் இறுக்கமான டெனிம், அதோடு சித்திரை வெயிலில் ஸ்கூட்டி இருக்கை. இதற்குப் பதிலாகக் கொட்டன் உள்ளாடை, கொஞ்சம் தளர்ந்த பாவாடையோ சல்வாரோ, வீட்டில் சோட்டி, இரவில் உள்ளாடை இல்லாமலே படுக்கலாம். நல்லூர்த் திருவிழா நாட்களில் காலமையிலிருந்து சேலை உடுத்து, வியர்த்து, திரும்பவும் பின்னேரம் போகிறவர்கள் இடையில் வீட்டுக்கு வந்தால் முகம் கழுவுவதோடு உள்ளாடையையும் மாற்றுங்கள். கீரிமலையில் குளித்தாலும் சாட்டியில், கசூரினாவில் கடலில் இறங்கினாலும், ஈரத்தோடு பஸ் ஏறி வீடு வரும்வரை இருக்கிற பழக்கம் எல்லாரிடமும் இருக்கிறது. பையில் ஒரு காய்ந்த உள்ளாடையும் நல்ல தண்ணீர் ஒரு போத்தலும் போட்டுக்கொண்டு போங்கள்.

ஏழாவது: குசினிக்குள் போக முதல் நில்லுங்கள்

உள்ளி, மஞ்சள், தயிர், தேசிக்காய், வினாகிரி, தேயிலை மர எண்ணெய், இவற்றைக் கைவைத்தியம் என்று அங்கே வைக்கவோ பூசவோ வேண்டாம். தயிரைச் சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடு. உள்ளே வைப்பதால் தொற்று மாறும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை, சீனி போட்ட தயிர் என்றால் இன்னும் மோசம். உள்ளித் துண்டு வெடித்த தோலில் எரிகாயமே உண்டாக்கும். தேயிலை மர எண்ணெய் பலருக்கு ஒவ்வாமை தருகிறது. வேப்பிலை அவித்த தண்ணீரில் வெளியே கழுவட்டுமா என்று அம்மம்மாமார் கேட்பார்கள். நல்லாய் ஆறவிட்டு, வடித்து, வெளியே மட்டும் என்றால் பெரிய கெடுதி இராது, அதனால் மாறிவிடும் என்று மருந்தைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம். கடி தாங்கவில்லை என்றால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை வெளியே வைத்து எடுப்பது உண்மையில் உதவும். வாசனை இல்லாத வெறும் வாசலினை மெல்லியதாகப் பூசினால் சலம் பட்டு எரிவது குறையும், ஆனால் எண்ணெய்ப்பசை எதுவும் இலாடெக்ஸ் ஆணுறையைப் பழுதாக்கும்.

எட்டாவது: மருந்து

சாமான்களை நிறுத்துவது மருந்துக்குப் பதில் இல்லை. பங்கசு பெருகிவிட்டது என்றால் பங்கசு மருந்து வேண்டும். அனேகமாகக் கொடுப்பது குளோற்றிமாசோல், யோனிக்குள் வைக்கிற குளிசை: 500 மில்லிகிராம் என்றால் ஒரே ஒரு இரவு, 200 என்றால் மூன்று இரவு, 100 என்றால் ஆறு இரவு. படுக்கப் போகும்போது வைக்க வேண்டும், எழும்பி நடந்தால் வெளியே வந்துவிடும். மாதவிடாய் நாட்களில் வைத்தால் கழுவுப்பட்டுப் போகும், முடிந்த பிறகு வையுங்கள். கடி நின்றுவிட்டது என்று மூன்றாவது இரவோடு ஆறு இரவு மருந்தை நிறுத்தாதீர்கள். வாயால் குடிக்கிற ஃபுளூகொனசோல் 150 மில்லிகிராம் ஒரே தடவை. அது கர்ப்பிணிகளுக்குக் கூடாது, இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கிற வார்ஃபரின், சில கொலஸ்திரோல் குளிசைகளோடும் ஒத்துப்போகாது, ஆகவே வேறு என்ன குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணி, பாலூட்டுகிறவர் என்றால் டொக்டரைக் காணாமல் ஒன்றும் வாங்க வேண்டாம்.

பூசுகிற கிறீம் வாங்கும்போது ரியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்று எழுதியிருந்தால் அது ஸ்ரெரொயிட் கலந்தது. பூசியவுடன் கடி அடங்கிவிடும், அதனால்தான் "முந்தி தந்த அதுவே நல்லம், அதையே தாங்கோ" என்று தேடி வருகிறார்கள். தொடர்ந்து பூசினால் அந்த மெல்லிய தோல் இன்னும் மெலிந்துபோகும், பங்கசும் அடங்கினமாதிரி இருந்து பிறகு கிளம்பும். அயலில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை இன்னொருவர் பங்கு போடுகிற சாமான் இல்லை அது.

எப்போது டொக்டரிடம்? முதல்தடவை வருகிறது என்றால், 16 வயதுக்குக் கீழே அல்லது 60க்கு மேலே என்றால், கர்ப்பம் அல்லது சீனி வருத்தம் இருந்தால், மருந்து வைத்து 7 முதல் 14 நாளில் மாறாவிட்டால், வருடத்தில் 4 தடவைக்குக் கிட்ட வந்தால். மாதவிடாய் நின்ற பெண்களில் வறட்சியும் வேறு தோல் வருத்தங்களும் இதே மாதிரிக் கடிக்கும், அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். போதனா வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும் என்று இல்லை, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலும் காட்டலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள், பெண், வீட்டுக்கே வருகிறவர், இந்தக் கதை அவருக்குப் புதிதும் இல்லை. 35 வயது தாண்டியவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனால் இதையும் கேட்டு, கருப்பைக் கழுத்துப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துகொண்டு வரலாம். போகிற அன்று உள்ளே கழுவிவிட்டோ கிறீம் பூசிவிட்டோ போகாதீர்கள், துடைத்தெடுத்துப் பரிசோதிக்க அங்கே ஏதாவது இருக்க வேண்டும்.

கடைசியாக: ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது

கடி முழுதாக மாறியபிறகு இன்னும் இரண்டு கிழமை வெறும் தண்ணீர், வாசனை இல்லாத பாட், நன்றாக அலசிய கொட்டன் என்று இருங்கள். பிறகு திரும்பப் பாவிக்க ஆசைப்படுகிற ஒரே ஒரு சாமானைச் சேருங்கள், ஒரு கிழமை பாருங்கள். ஒன்றும் இல்லையா, அடுத்தது. இரண்டை ஒரே நாளில் சேர்த்தால் எது செய்தது என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். நாட்காட்டியில் சேர்த்த நாளையும் மாதவிடாய் நாளையும் குறித்து வையுங்கள், ஏனென்றால் சிலருக்கு மாதவிடாய்க்கு முந்திய கிழமையில் தன்பாட்டிலேயே கடி தலைகாட்டும், அதை அப்பாவிச் சவர்க்காரத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. பாட்டை மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு முழு மாதவிடாய் வேண்டும், அவசரப்பட முடியாது. கிருமிநாசினியையும் உள்ளே கழுவுவதையும் மட்டும் இந்தச் சோதனைக்கே எடுக்க வேண்டாம், அவை திரும்ப வரவே தேவையில்லை.

காசு கொடுத்து வாங்கிய வொஷ் போத்தல் பாதியில் நிற்கிறதே, எறியவா என்று கேட்கிறவர்களுக்கு: கை கழுவுகிற இடத்தில் வையுங்கள், நன்றாக நுரைக்கும்.